கொழிஞ்சாம்பாறையில் இருந்து கண்ணபுரம் தாவணி வரை: வாடகைக் கேம்பர் வேனில் ஆறு நாள்

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கலாமா, காசுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல லாட்ஜ் இருக்கிற ஊருக்குப் போவதென்றால் இந்த வண்டிக்குக் கொடுக்கிற பணம் வீண். லாட்ஜே இல்லாத இடத்தில், ராத்திரி அங்கேயே தங்கினால்தான் பார்க்க முடியும் என்கிற ஒரு விஷயத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எங்களுக்கு அது கண்ணபுரம் மாட்டுத் தாவணி, அதாவது மாட்டுச் சந்தை.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பாலக்காடு மாவட்டம், கேரளா, ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். வீட்டுக்காரருக்கு அறுபது, எனக்கு ஐம்பத்தைந்து. பத்து ஏக்கருக்குள் தென்னை, நாலு மாடு, அவ்வளவுதான்.

இந்த யோசனை வந்தது போன வருஷம் ஜூலையில். மகள் கனடாவில் கல்கரியில் இருக்கிறாள், நாங்கள் போயிருந்தபோது மருமகன் இதே மாதிரி ஒரு பெரிய வண்டி, ஆர்வி என்பார்கள், வாடகைக்கு எடுத்து எங்களைக் கிழக்கே கூட்டிப் போனார். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் மெடிசின் ஹாட், அங்கிருந்து சைப்ரஸ் ஹில்ஸ், மேப்பிள் கிரீக், மூஸ் ஜா, கடைசியில் சஸ்காட்செவனின் தலைநகரம் ரெஜைனா. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான பூமி, நடுநடுவே தானியக் கிடங்குகள் கோபுரம் மாதிரி நிற்கும், ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். சைப்ரஸ் ஹில்ஸ் பூங்கா ஆல்பர்ட்டாவிலும் சஸ்காட்செவனிலுமாகப் பரந்து கிடக்கிறது, காடு ஒன்று, மாகாணம் இரண்டு. பறம்பிக்குளத்துக்கு நாம் சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பக் கேரளாவுக்குள் நுழைவதை மருமகனிடம் சொன்னேன், அவருக்கு அது புதுசாக இருந்தது.

திரும்பி வரும்போது மேற்கே 22-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் லாங்வியூ பக்கம் ராஞ்சுகள், அதாவது பெரிய மாட்டுப் பண்ணைகள், இருக்கிற பகுதிக்குப் போனோம். அங்கே பார் யூ என்று 1882-இல் ஆரம்பித்த ஒரு பழைய பண்ணையை இப்போது தேசிய வரலாற்றுத் தலமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் முகம் அங்கேதான் மலர்ந்தது. மாடு எங்கே தண்ணி குடிக்கிறது, வேலி என்ன கம்பி, குளிர்காலத்துக்கு வைக்கோலை எப்படிச் சுருட்டி வைக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பண்ணை வாசலில் சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள், வண்டி கடக்கும், மாடு கால் வைக்காது. டெக்சஸ் கேட் என்று பெயர். அதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ராத்திரி படுக்கும்போது, "நம்ம பக்கத்துல கொறங்காடு இருக்கே, அதை இந்த மாதிரி வண்டியில போய்ப் பார்க்கணும். அப்பா நடந்த வழியில" என்றார். கொறங்காடு என்றால் வேலி போட்ட மேய்ச்சல் காடு.

அப்பா நடந்த வழி என்றது, மாமனார் அந்தக் காலத்தில் கண்ணபுரத்தில் ஒரு ஜோடி காங்கேயம் காளை வாங்கி, தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு நடத்தியே கூட்டி வந்தது. நாலு ராத்திரி வழியில் தங்கினார் என்று சொல்லுவார். எங்கே மாட்டுக்குத் தண்ணி காட்டினார், எந்தப் புளியமரத்தடியில் படுத்தார் என்று வீட்டுக்காரருக்கு இன்னும் வரிசையாகத் தெரியும், சின்ன வயசில் அத்தனை தடவை கேட்டிருக்கிறார்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்ததில் இருந்து இங்கே கேரவன் வண்டிகள் கூடியிருக்கின்றன, ஆனால் நிறைய பேர் டிரைவரோடு ஒரு பேக்கேஜாகத்தான் கொடுக்கிறார்கள், வாகமண், மூணாறு என்று அவர்கள் சொல்கிற இடத்துக்கு. நமக்கு வண்டியை மட்டும் கொடுத்து நாமே ஓட்டிக்கொள்ளும் ஆட்கள் குறைவு. திருச்சூர் பக்கம் ஒருவர் கிடைத்தார். நாள் வாடகை 6,500 ரூபாய், திருப்பித் தரும் முன்பணம் 20,000, ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் வரை இலவசம். ஃபோர்ஸ் டிராவலர் வேனை மாற்றிக் கட்டியது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பின்னால் சோபா, இழுத்துப் போட்டால் ஆறடிக்கு நாலடி படுக்கை. ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, ஐந்து கிலோ சிலிண்டர், சின்னப் பிரிட்ஜ், ஒரு சிங்க், நூறு லிட்டர் தண்ணித் தொட்டி, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை, அதிலேயே கழற்றி எடுக்கும் தொட்டி வைத்த கக்கூஸ். ஜன்னல்களுக்கு நல்ல கொசுவலை. மேலே சூரியத் தகடு, ஏசி.

ஓட்டுவதற்குத் தனி உரிமம் வேண்டுமா என்று பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டுகிற சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த வேன் அதற்கு ரொம்பக் கீழே. ஆனால் நம்பர் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். எங்களுக்குக் கொடுத்தது சரியான பலகை, அந்த விஷயத்தில் அவர்கள் நேர்மை.

குறை எல்லைச் சாவடியில் ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்குள் போவோம் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தேன். வரி கட்டியாச்சு, ரசீது வாட்ஸாப்பில் வரும் என்றார்கள். கோபாலபுரம் வரை வந்தும் வரவில்லை. போன் செய்தால் "இதோ அனுப்புறோம்" என்கிறார்கள், ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் ஓரமாக நின்றோம், அப்புறம்தான் வந்தது. ரசீதில் இருந்த நேரத்தைப் பார்த்தால் நாங்கள் போன் செய்த பிறகுதான் பணமே கட்டியிருக்கிறார்கள். நம்மைப் போல எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம், பத்து கிலோமீட்டர் போனாலே அடுத்த மாநிலம். காகிதம் கையில் வராமல் சாவியை வாங்காதீர்கள்.

டீசல் மட்டும் எல்லை தாண்டிப் போட்டுக்கொள்ளுங்கள், லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

முதல் ராத்திரி உடுமலைக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் தோப்பில் நிறுத்தினோம். அங்கே பெரிய ஏமாற்றம். சித்திரை வெயில், ராத்திரி பத்து மணிக்கும் தகரம் சூடு இறங்கவில்லை, ஏசியைப் போட்டோம், ஐம்பது நிமிஷத்தில் பீப் பீப் என்று கத்திவிட்டு எல்லாம் அணைந்தது. ஏசி, பிரிட்ஜ், விளக்கு, தண்ணி மோட்டார், எல்லாம். விளம்பரத்தில் 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் டார்ச் அடித்து சோபாவுக்கு அடியில் பார்த்தார், இருந்தது வீட்டு இன்வர்ட்டருக்கு வைக்கிற ஈய அமில பேட்டரி.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் என்றால் மொத்தம் 2.4 யூனிட் மின்சாரம். லித்தியம் என்றால் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஈய அமிலத்தில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் நமக்குக் கிடைப்பது 1.2 யூனிட்தான். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். அப்போது ஒரு மணி நேரம். பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. மறுநாளில் இருந்து ஏசியை மறந்துவிட்டு பன்னிரண்டு வோல்ட் மின்விசிறியை மட்டும் போட்டோம், அது இருபத்தைந்து வாட்தான், ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் பிரிட்ஜில் பால் குளிர்ச்சியாகவே இருந்தது. கொசுவலை நன்றாக இருந்ததால் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துப் படுக்க முடிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து இந்தப் பக்கம் பூராவும் கிடைக்கும், உடுமலை, பூளவாடி, கேத்தனூர் என்று காத்தாடிகளை அதற்காகத்தானே நட்டு வைத்திருக்கிறார்கள். வண்டியின் பக்கவாட்டு ஜன்னல் மேற்கே பார்க்கும்படி நிறுத்தினால் ஏசி தேவைப்படவில்லை. ஆனால் அதே காத்து ஓட்டும்போது உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், ஆடி மாசத்தில் இந்தச் சாலையில் இதை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

சூரியத் தகடு பற்றியும் சொல்லணும். அது வேலை செய்கிறது, நல்ல வெயிலில் நிறுத்தினால் பகலில் பேட்டரி நிரம்பிவிடும். பிரச்சினை என்னவென்றால் தகடுக்கு வெயில் வேணும், நமக்கு நிழல் வேணும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே உட்கார முடியாது. காலை பத்து மணி வரை வெயிலில், அப்புறம் மரத்தடிக்கு மாற்றுவது என்று பழகிக்கொண்டோம். வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏறும்.

தாராபுரம் தாண்டியதும் பூமி மாறும். தென்னையும் வாய்க்காலும் முடிந்து மேட்டாங்காடு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே காய்ந்த கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். இதுதான் கொறங்காடு. கம்பி கிடையாது, கிளுவைக் குச்சியை நெருக்கமாக நட்டு, அது வேர் பிடித்து முள்ளோடு சுவர் மாதிரி எழுந்து நிற்கும், ஆடு தலை நுழைக்காது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்த துண்டுக்கு விடுவார்கள், முதல் துண்டில் புல் தழைக்க நேரம் கிடைக்கும். மேய்க்க ஆள் வேண்டாம், ராத்திரியும் மாடு உள்ளேயே கிடக்கும். கோடையில் புல் தீர்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், அதைத் தின்றே மாடும் ஆடும் தாக்குப் பிடிக்கும். மழை குறைந்த பூமியில் மூன்றே மூன்று செடியை வைத்து இப்படி ஒரு மேய்ச்சல் முறையை நம் ஆட்கள் கட்டியிருக்கிறார்கள். ஆல்பர்ட்டாவில் பார்த்தபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இடத்தின் பரப்பு. இங்கே என்னை நிறுத்தியது வேலி. உயிரோடு இருக்கிற வேலி.

கண்ணபுரம், ஓலப்பாளையம் பக்கம் இருக்கிற சின்ன ஊர். சித்திரையில் மாரியம்மன் கோவில் திருவிழாவை ஒட்டி மாட்டுத் தாவணி கூடும். தங்க இடம் கிடையாது. காங்கேயத்தில் அறை எடுத்து வந்து போகலாம்தான், ஆனால் தாவணியில் பார்க்க வேண்டியது எல்லாம் விடியற்காலையிலும் சாயங்காலத்துக்கு மேலும்தான் நடக்கும், பகல் உச்சியில் மனுஷனும் மாடும் நிழல் தேடிப் படுத்துவிடுவார்கள். மாடு ஏற்றி வந்த லாரிகள் நிறுத்துகிற காட்டில் எங்களுக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள். அங்கே இரண்டு ராத்திரி இருந்தோம். நான் இந்த வண்டிக்குக் கொடுத்த பணம் முழுக்க இந்த இரண்டு ராத்திரிக்கே சரியாகிவிட்டது.

விடிய நாலரைக்கு எழுந்து கதவைத் திறந்தால் முன்னால் வரிசையாகக் காளைகள். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்துக்கு ஒரு பெயர். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும், அந்த மாற்றம் பாதியில் இருக்கிற கன்றுகள் நிறைய நின்றன, முதுகு சாம்பலும் வயிறு சிவப்புமாக. பூச்சிக்காளைகளுக்கு, அதாவது இனவிருத்திக்கு வைக்கிற காளைகளுக்கு, திமிலும் கழுத்தும் கறுத்து, மேலே எண்ணெய் தடவிய மாதிரி மின்னும். அவற்றைத் தனியாகக் கட்டியிருந்தார்கள், பக்கத்தில் போக வேண்டாம் என்றார்கள், போகவில்லை.

விலை பேசுவது இன்னும் துண்டுக்குள்தான். வாங்குபவரும் தரகரும் கையைத் துண்டுக்கடியில் வைத்து விரலைப் பிடித்தே பேரம் நடத்துவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வாயைப் பிளந்து பல் பார்க்கிறார்கள், இரண்டு பல், நாலு பல், கடை முளைப்பு. அப்புறம் உடம்பு பூராவும் சுழி தேடுகிறார்கள். வீட்டுக்காரர் ஒரு ஜோடியின் பல்லைப் பார்த்துவிட்டுச் சொன்ன வயசு சரியாக இருந்ததும், கேரளாவில் இருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்திருந்த ஆட்கள் எங்களுக்கு இரண்டு கட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

வண்டியைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. பெண்கள் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு ஆத்தா அடுப்பையும் சிங்கையும் தொட்டுப் பார்த்து, "ஏனுங்கம்மணி, கழுவுற தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார். சரியான கேள்வி. வாடகைக்குக் கொடுத்தவர்கள் எனக்கு அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கீழே ஒரு அழுக்குத் தண்ணித் தொட்டி இருக்கிறது, நாற்பது லிட்டர், அது நிரம்பினால் குளியலறைத் தரையில் திரும்பி வரும். ஒரு நாள் வந்தது. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு தடவை வால்வைத் திறந்து குடத்தில் பிடித்து வேலியோரம் ஊற்றினோம். சோப்பு அதிகம் போடாமல் பார்த்துக்கொண்டேன்.

கக்கூஸ் தொட்டி விஷயம் எழுத யாரும் விரும்புவதில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் இந்த விமர்சனத்தால் பிரயோஜனம் இல்லை. இருபது லிட்டர் தொட்டி, இரண்டு பேருக்கு இரண்டு நாளைக்குச் சரியாக இருக்கும். நீலநிற மருந்து ஊற்றி வைத்தால் வாடை வராது, அவர்கள் கொடுத்த மருந்து மூன்று நாளில் தீர்ந்தது. காலி செய்வதுதான் கஷ்டம். கனடாவில் முகாம் இடத்திலும் சில பெட்ரோல் பங்குகளிலும் சானி டம்ப் என்று ஒரு மூடி போட்ட குழி இருக்கும், குழாயை மாட்டினால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடியும், பக்கத்திலேயே கழுவத் தண்ணியும் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மின்கம்பம், ஒரு குழாய். நம் பக்கம் அது எதுவும் கிடையாது. தெரிந்தவர் வீட்டில் கேட்டு அவர்கள் கக்கூஸில் ஊற்ற வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், இரண்டு வீட்டிலும் முகம் சுளிக்காமல் வாளியில் தண்ணி எடுத்துக் கொடுத்தார்கள், அவர்களை மறக்க மாட்டேன். ஆனால் தெரிந்தவர் இல்லாத ஊரில் என்ன செய்வீர்கள்? ஓடையிலோ காட்டிலோ கொட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த வண்டியை எடுக்காதீர்கள். எங்களுக்குச் சாவி கொடுத்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்ரோல் பங்குகளோடு பேசி நாலைந்து இடத்தை அவர்களே ஏற்பாடு செய்து பட்டியல் கொடுக்கலாம், அது அவர்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

தாவணி முடிந்து அடுத்த ராத்திரி, அங்கே பழக்கமான ஒருவர் தன் கொறங்காட்டுக்குள்ளேயே வண்டியை விடச் சொன்னார். படலைத் தாண்டி உள்ளே போய் வெள்வேலத்தடியில் நிறுத்தினோம். பேட்டரிக்கு மோட்டார் ரூமில் இருந்து ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார், வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், விவசாயத்துக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற மின்சாரத்தில் நம் விசிறியும் பிரிட்ஜும் ஓடக் கூடாது என்றார். வீட்டு இணைப்பில் இருந்து இரண்டு மணி நேரம் போட்டோம், அதற்குப் பணம் வாங்க மாட்டேன் என்றவருக்கு எங்கள் தோட்டத்துக் கருப்பட்டி இரண்டு வட்டு கொடுத்தோம்.

அந்த ராத்திரி மாடுகள் வண்டியைச் சுற்றியே படுத்திருந்தன. அசை போடுகிற சத்தம் கொசுவலை வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கிடாரி பின்பக்கம் உடம்பைத் தேய்த்ததில் வண்டி லேசாக ஆடியது. வீட்டுக்காரர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். மாமனார் வாங்கி வந்த ஜோடியின் பெயரை, அவை வீட்டுக்கு வந்த அன்று மாமியார் ஆரத்தி எடுத்ததை, நான் பல தடவை கேட்டதை எல்லாம் இன்னொரு தடவை சொன்னார். அப்பா ஒரு பகல் நடந்த தூரத்தை நாம் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டோம், அவர் சொன்ன புளியமரம் ஒன்றுகூட இல்லை, சாலையை அகலப்படுத்தும்போது போயிருக்கும் என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கடுத்து செய்தது தப்பு. இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதே என்று உடுமலையில் இருந்து சின்னாறு வழியாக மறையூர் ஏறினோம். காட்டுக்குள் எங்கேயும் நிறுத்தக் கூடாது, இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும், யானை நடமாட்டம். இந்த உயரத்துக்கும் எடைக்கும் கொண்டை ஊசி வளைவு சரிப்படாது. ஒவ்வொரு வளைவிலும் அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் சரிந்தன, ஒரு டம்ளர் போச்சு. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தும் பிரேக் வாடை வந்து ஒரு இடத்தில் அரை மணி நேரம் ஆறவிட்டோம். மறையூரில் நல்ல லாட்ஜுகள் இருக்கின்றன, வெல்லம் வாங்கிக்கொண்டு காரிலேயே போய் வரலாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம், அதற்காக ஒரு தடவை போவது தகும், இந்த வேனில் போக வேண்டாம்.

சமையல் பற்றி இரண்டு வரி. காலையில் இட்லி, மத்தியானம் ரசமும் ஒரு பொரியலும், ராத்திரி தோசை. மாவை அரைத்து டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன், பிரிட்ஜில் நாலு நாள் இருந்தது. ஒரே பர்னர் என்பதால் சோறு ஆகும்வரை குழம்பு காத்திருக்கும், அது ஒரு குறையாகத் தெரியவில்லை. உள்ளே தாளிக்காதீர்கள், மிளகாய் நெடி படுக்கை வரை ஏறும், எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் போகாது. கதவுப் படியில் சின்ன ஸ்டவ்வை வைத்துத் தாளித்துக்கொண்டேன்.

குளியலுக்கு மேலே ஷவர் வேண்டாம், வாளிதான் சரி. ஷவரில் நூறு லிட்டர் ஒரே நாளில் தீர்ந்துவிடும், வாளியில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர், இரண்டரை நாள் வரும்.

ஆறு நாளில் அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தது, டீசல் ஆறாயிரத்துக்குள். வாடகை 39,000. மொத்தம் நாற்பத்தைந்தாயிரம். நம்மைப் போன்றவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. காரில் போய் லாட்ஜில் தங்கியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது, அதை மறைக்க வேண்டியதில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது பேட்டரி விஷயத்தை நேராகச் சொன்னேன். முதலில் நாங்கள் ஏசியை அதிகம் ஓட்டிவிட்டோம் என்றார்கள். வீட்டுக்காரர் பேட்டரியின் போட்டோவையும் அவர்கள் விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்புறம் ஒரு நாள் வாடகையைக் குறைத்தார்கள், டம்ளருக்குப் பிடித்த 150 ரூபாயைத் தவிர முன்பணம் நாலாம் நாள் முழுசாக வந்துவிட்டது. அந்த அளவுக்கு நியாயமாக நடந்துகொண்டார்கள். வண்டி சுத்தமாக இருந்தது, டயர் நாலும் புதுசு, பஞ்சர் கிட், தீயணைப்பான் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பேட்டரியையும் எல்லை ரசீதையும் சரி செய்தால் நாலரை.

எடுக்கிறவர்கள் சாவி வாங்குவதற்கு முன்னால் சோபாவைத் தூக்கிப் பேட்டரியைப் பாருங்கள், ஏசியை அங்கேயே அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், அழுக்குத் தண்ணி வால்வு எங்கே என்று கேளுங்கள். உயரம் எழுதிய ஒரு சீட்டை டிரைவர் முன்னால் ஒட்டிவிடுங்கள், எங்களுடையது ஒன்பதரை அடி, தாழ்ந்த ரயில்வே சுரங்கப் பாதையும் சாலையோர மரக்கிளையும் காரில் போகும்போது கண்ணில் படாது.

தாவணியில் வீட்டுக்காரர் மாடு வாங்கவில்லை, ஒரு கழுத்து மணியும் இரண்டு மூக்கணாங்கயிறும் மட்டும் வாங்கினார். வரும் சித்திரைக்கு ஒரு செவலைக் கன்று பார்க்க வேண்டுமாம். அதே வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறேன், லித்தியம் பேட்டரி மாட்டிய போட்டோ வந்தால்தான் முன்பணம் அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறேன்.